முதலில் கண்ணால் பாருங்கள்... அப்புறம் கேமரா!

‘எம்.கே.பி. நகரில் இருந்துகொண்டு பறவை போட்டோகிராபியா?’ என்று கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி, எண்ணூர் என்றாலே மற்றவர்களுக்குக் கன்டெய்னர் லாரியும் புகைபோக்கியும் குப்பைமேடும்தான் ஞாபகத்துக்கு வரும். மகாகவி பாரதி நகர் என்ற பெயரைத்தான் எம்.கே.பி. என்று மூன்று எழுத்தாகச் சுருக்கிவிட்டோம் என்பதுகூடப் பலருக்கு மறந்துபோயிருக்கும்.

ஆனால், இந்தப் பக்கம் பறவைகளுக்குப் பஞ்சமே இல்லை. கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு மேலே நாள் முழுக்கப் பருந்துகள் வட்டமிடுகின்றன. கீழே மாடுகளுக்கு நடுவே உண்ணிக்கொக்குகள் நடக்கின்றன. கால்வாய் ஓரத்தில் மடையான் அசையாமல் நிற்கிறது. கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனால் கூழைக்கடா, நாரை, உள்ளான், ஆலா எல்லாம் இருக்கின்றன. இன்னும் வடக்கே போனால் பழவேற்காடு. குளிர்காலத்தில் அங்கே பூநாரைக் கூட்டம்.

இப்போது தவணையில் கேமரா கிடைக்கிறது. பெரிய லென்ஸை வாடகைக்கு எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கில் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் எண்ணூரில் நிற்கலாம். அங்கே போன பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கொக்கைப் பார்த்ததும் நேராக நடப்பார் புதியவர். அது பறந்துவிடும். அடுத்த கொக்கு, அதுவும் பறந்துவிடும். மதியத்துக்குள் கார்டு நிறையப் படம் இருக்கும். எல்லாமே முதுகைக் காட்டிப் பறக்கும் பறவை!

‘இன்னும் பெரிய லென்ஸ் வேண்டும்’ என்று அவருக்குத் தோன்றும். உண்மையில் அவருக்கு வேண்டியது வேறு. எப்படி நடப்பது, எங்கே உட்காருவது, எப்போது திரும்பி வந்துவிடுவது என்ற பாடம்.

காக்கைதான் முதல் வாத்தியார்

அந்தப் பாடத்துக்கு எண்ணூர்கூடப் போக வேண்டாம். மொட்டைமாடி போதும்.

ஒரு வாரம் கேமராவை உள்ளேயே வைத்துவிட்டு, காலையில் அரை மணி நேரம் காக்கையை மட்டும் பார்த்தால் போதும். எந்தச் சுவரில் வந்து உட்காருகிறது, எந்த வீட்டுச் சோற்றுக்கு எந்த நேரத்தில் வருகிறது, பருந்து நிழல் விழுந்தால் எப்படிக் கத்துகிறது, பறப்பதற்கு முன்னால் உடம்பை எப்படித் தாழ்த்துகிறது என்பதெல்லாம் பிடிபடும். அதற்குப் பிறகு கேமராவை எடுத்தால், காக்கை வரும் இடத்தில் ஃபோகஸ் முன்பே தயாராகக் காத்திருக்கும்.

இப்படிப் பக்கத்து வீட்டு உயிர்களைப் பார்த்தே பெரிய ஆளானவர் மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்தவர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்ததற்காக நாடு முழுக்க அறியப்பட்டவர். 1970-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-ல் தொடங்கிய அவருடைய பத்தி, 1996-ல் அவர் இறக்கும்வரை வந்துகொண்டே இருந்தது. அதில் யானைக்கும் புலிக்கும் கிடைத்த அதே கவனம் காக்கைக்கும் மைனாவுக்கும் கிடைத்தது. பல பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிக்கொண்ட கேமராவையும் அவர் பயன்படுத்தினார். இன்றைய கேமரா ஒரு நொடியில் 20 படம் எடுக்கும். அவர் காலத்துப் பிலிமில் ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு. அதனால் பார்த்து முடித்த பிறகுதான் விரல் அழுத்தும்.

முறைத்துப் பார்த்தால் பறந்துவிடும்

எண்ணூர் கழிமுகத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இருப்பார்கள். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் கரையோரம் நடந்து போவார். சற்றுத் தள்ளி மேய்கிற கொக்கு தலையைக்கூடத் தூக்காது. அதே தூரத்தில் கேமராக்காரர் வந்து நின்றால் உடனே கழுத்தை நீட்டும்.

காரணம் எளிது. மீனவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறார். கேமராக்காரர் நிற்கிறார், முறைக்கிறார், குனிகிறார், மறுபடி நேராக நெருங்குகிறார். பறவையின் கணக்கில் இப்படியெல்லாம் செய்வது வேட்டையாடும் பிராணிதான். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் லென்ஸ், அதற்குப் பெரிய ஒற்றைக் கண்.

அதனால் அனுபவசாலிகள் நேராக நடப்பதில்லை. பறவையைத் தாண்டிப் போகிறவர்போலச் சாய்வாக நடப்பார்கள். பத்தடி நடந்ததும் உட்கார்ந்துவிடுவார்கள். வெள்ளை, மஞ்சள் சட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு மண் நிறத்தில் ஏதாவது போட்டுக்கொள்வார்கள். பறவை மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினால் அதுதான் எல்லை. அங்கேயே அசையாமல் இருப்பார்கள். அது மறுபடி தலையைத் தாழ்த்தி இரை தேட ஆரம்பித்தால் சம்மதம் கிடைத்த மாதிரி. தலையை வெட்டி வெட்டி அசைத்தாலோ, எச்சமிட்டாலோ, உடம்பைத் தாழ்த்தினாலோ கிளம்பப்போகிறது என்று அர்த்தம். அப்போது பின்வாங்க வேண்டும்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. நெருங்கவே வேண்டாம். முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிட வேண்டும். அலையாத்திப் புதரின் நிழலோ, கரையில் கவிழ்த்துவைத்த படகின் மறைவோ போதும். நீர் வடிந்து சேறு தெரிய ஆரம்பித்தால் உள்ளான்கள் தாமாகவே மேய வரும். அரை மணி நேரம் கழித்து, அங்கே ஒரு மனிதர் இருப்பதையே அவை மறந்துவிடும். எந்த லென்ஸும் தர முடியாத நெருக்கம் அப்போது கிடைக்கும்.

வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் கணக்கு உண்டு. இங்கே சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலையில் கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தால் பறவையின் மேல் வெளிச்சம் விழும். பறவை எழும்புவதும் இறங்குவதும் பெரும்பாலும் எதிர்க்காற்றில்தான். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்தால், எது எந்தப் பக்கம் முகம் காட்டும் என்பதும் தெரிந்துவிடும். துரத்த வேண்டிய அவசியமே வராது.

நான்கு முட்டை, நாற்பது டிகிரி

பறவை பறந்துபோனால் ஒரு படம் போச்சு, அவ்வளவுதானே என்று நினைக்கலாம். கூடு இருக்கும் இடத்தில் அப்படி நினைக்க முடியாது.

ஆள்காட்டிக் குருவியை வட சென்னையின் காலி மனைகளிலும் வறண்ட சதுப்பு ஓரங்களிலும் பார்க்கலாம். சிவந்த மூக்கு, மஞ்சள் கால். ஆளைக் கண்டால் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டும். இது மரத்தில் கூடு கட்டாது. வெட்டவெளித் தரையில் ஒரு சின்னக் குழி, அதில் பெரும்பாலும் நான்கு முட்டைகள். கூழாங்கல்லோடு கல்லாகத் தெரியும். உப்புக்கொத்தியும் இப்படித்தான் தரையிலேயே முட்டையிடும். பருவமும் கோடைதான்.

மே மாதத்தில் சென்னை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது தரை அதைவிடச் சுடும். அப்போது தாயும் தந்தையும் மாறி மாறி முட்டையின் மேல் நிற்பது சூடேற்ற அல்ல, நிழல் கொடுக்க! தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு. முட்டைக்குள் இருக்கும் உயிர் கொஞ்ச நேரம் குளிர்ந்தால் தாங்கிக்கொள்ளும். அளவுக்கு மேல் சூடானால் தாங்காது.

இப்போது அந்த இடத்துக்கு ஒருவர் கேமராவோடு வருகிறார். ஆள்காட்டி எழுந்து தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றுகிறது. ‘என்ன ஆக்‌ஷன்!’ என்று அவர் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறார். கால் மணி, அரை மணி ஆகிறது. காலடியிலிருந்து சில அடி தூரத்தில் நான்கு முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன. அவர் முட்டையைத் தொடவில்லை, மிதிக்கவில்லை, பார்க்கக்கூட இல்லை. ஆனாலும் அந்த அரை மணி நேரம் அவற்றுக்குப் போதும்.

வெயில் விட்டாலும் காக்கை விடாது. மனிதர் எங்கே நிற்கிறார், ஆள்காட்டி எங்கே பதறுகிறது என்று மின்கம்பத்தில் உட்கார்ந்து அது பார்த்துக்கொண்டே இருக்கும். தெருநாய் மோப்பம் பிடித்துக் காலடித் தடத்தோடு வரும். படம் எடுத்தவர் வீட்டுக்குப் போன பிறகு நடக்கும் இந்த விஷயம் எதுவும் அவருடைய படத்தில் இருக்காது. அதற்கு நூறு லைக் விழும்.

மரத்துக் கூட்டிலும் இதே ஆபத்துதான். படம் தெளிவாக வர வேண்டும் என்று கூட்டை மறைக்கும் கிளையை ஒதுக்கிக் கட்டினால், நிழலும் போகும், மறைவும் போகும். குஞ்சைக் கையில் எடுத்துக் கிளையில் வரிசையாக வைத்துப் படமெடுப்பது இன்னும் கொடுமை.

சட்டமும் இதைச் சாதாரணமாக விடவில்லை. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது. காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. துப்பாக்கி இல்லாதவரையும் வேட்டைக்காரர் பட்டியலில் சேர்க்க இது போதும்.

ஆள்காட்டி கத்தினால் செய்ய வேண்டியது ஒன்றுதான். கேமராவைத் தாழ்த்தி, காலடியைப் பார்த்து நடந்து, வந்த வழியே திரும்ப வேண்டும். தூரம் போகப் போகச் சத்தம் அடங்கும். அடங்கிவிட்டால் அது முட்டைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

பொய் மாட்டுக்குள் ஒளிந்தவர்கள்

‘அந்தக் காலத்து மேதைகள் எல்லாம் கூட்டில்தானே படமெடுத்தார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான்.

இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1892-லேயே முட்டையோடு கூடிய பறவைக் கூட்டைப் படமெடுத்தார்கள். பறவைக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்வதற்காக, உள்ளே கூடான ஒரு பொய் மாட்டைச் செய்து அதன் வயிற்றுக்குள் கேமராவோடு நின்றார்கள். இந்தியாவிலும் பழைய பறவைப் படங்களில் பெரும்பாலானவை கூட்டில் எடுக்கப்பட்டவையே.

அவர்களுக்கு வேறு வழி இல்லை. கேமரா கனமானது, லென்ஸின் எட்டும் தூரம் குறைவு, பிலிம் மந்தமானது. பறவை நிச்சயமாகத் திரும்பி வரும் ஒரே இடம் கூடு. அங்கே காத்திருந்தால்தான் படம். இன்றைக்கு 600 எம்.எம். லென்ஸ் இருக்கிறது. எடுத்த படத்தில் பாதியை வெட்டியெறிந்தாலும் தெளிவு குறையாத சென்சார் இருக்கிறது. சத்தமே இல்லாமல் கிளிக் செய்யும் கேமரா வந்துவிட்டது. அன்றைக்கு இருந்த கட்டாயம் போய்விட்டது. பழக்கத்தை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? இந்தியாவில் பல பறவை ஆர்வலர் குழுக்கள் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று முடிவெடுத்ததற்கும் இதுதான் காரணம்.

‘ஒரு தடவை பறக்க விடுங்க’

கூடு இல்லாத காலத்தில் வருபவர்கள் வலசைப் பறவைகள். அக்டோபருக்குப் பிறகு எண்ணூர், பழவேற்காடு சேற்றில் மேயும் கொசு உள்ளானின் எடை 25 கிராம் அளவில்தான் இருக்கும். ஒரு கை அவல் எடை! அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் பகுதியில். இங்கிருந்து திரும்பப் போக வேண்டுமென்றால் உடம்பில் கொழுப்பு சேர வேண்டும். அதுதான் அதன் பெட்ரோல். 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய மூக்கன் இனப் பறவை ஒன்று, எங்கேயும் இறங்காமல் 13,500 கிலோமீட்டருக்கு மேல் பறந்து 11 நாளில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவை அடைந்ததை அதன் உடம்பில் பொருத்திய கருவி காட்டியது. அவ்வளவும் முன்கூட்டி மேய்ந்து சேர்த்துவைத்த கொழுப்பு.

இந்தக் கூட்டத்தை நோக்கி ஒருவர் கைதட்டுகிறார், கல்லெறிகிறார், அல்லது ‘அண்ணே, ஒரு தடவை பறக்க விடுங்க’ என்று படகோட்டியிடம் கேட்கிறார். பூநாரை தண்ணீரில் ஓடி, வேகம் எடுத்துத்தான் எழும்ப முடியும். அதற்குச் செலவாவதும் அதே பெட்ரோல்தான். ஒரு நாள் ஒருவர் செய்தால் தாங்கிக்கொள்ளும். குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் பத்துப் படகு வந்தால்? பறக்கும் படம் வேண்டுபவர் காத்திருக்கலாம். நீர் ஏறும்போதும் பருந்து கடக்கும்போதும் அவை தாமாகவே எழும்பும்.

செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் இந்த வகைதான். ‘நம்ம இடத்துக்கு எவனோ வந்துவிட்டான்’ என்று நினைத்துச் சண்டைக்கு ஓடி வருகிறது பறவை. வந்து பார்த்தால் யாருமில்லை. கடற்காகங்களுக்குக் காராசேவையும் பிஸ்கட்டையும் வீசுவது, இரவில் ஆந்தையின் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பது எல்லாம் வேண்டாத வேலை.

படத்தைப் போட்டதும் முதலில் வரும் கேள்வி, ‘ப்ரோ, லொகேஷன் ப்ளீஸ்!’ சாதாரணக் கொக்குக்குச் சொல்வதில் தவறில்லை. அரிய பறவை என்றால், கூடு என்றால், ஆந்தை பகலில் தூங்கும் பொந்து என்றால் சொல்லக் கூடாது. ஒருவர் பார்த்த இடத்தை மறுநாள் ஐம்பது பேர் பார்த்தால் பறவை இடத்தைக் காலி செய்துவிடும்.

எண்ணெயில் நனைந்த கூழைக்கடா

எல்லாவற்றுக்கும் விலகியே நின்றால் கேமரா எதற்கு என்று கேட்கலாம். அதற்குப் பதில் 2023 டிசம்பரில் எண்ணூரிலேயே கிடைத்தது.

மிக்ஜாம் புயல் மழை வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்துக்குள் வந்தது. படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாவற்றிலும் கறுப்பு அப்பிக்கொண்டது. வெள்ளையும் சாம்பலுமாக இருக்கும் கூழைக்கடாக்கள் மார்பும் வயிறும் கறுத்து மிதந்தன. எண்ணெய் பட்ட இறகு தண்ணீரைத் தடுக்காது. அலகால் கோதிக்கொள்ளும்போது எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போகும். வனத்துறையினர் பிடித்துச் சிகிச்சை கொடுக்க முயன்றபோது, இன்னும் பறக்கத் தெம்பிருந்த பறவைகளைப் பிடிப்பது பெரும்பாடாக இருந்தது.

அந்தக் கூழைக்கடாக்களின் படங்கள்தான் செய்தியை எண்ணூருக்கு வெளியே எடுத்துப் போயின. கையெல்லாம் எண்ணெயாக நின்ற மீனவர்களின் படங்களோடு அவையும் சேர்ந்தபோதுதான், ‘ஏதோ கசிவாம்’ என்று கடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் கேமராக்காரரின் பொறுப்பு இன்னும் கூடுகிறது. குளோஸ் அப்புக்காகப் படகில் துரத்தினால், நனைந்த இறகோடு இருக்கும் பறவையின் மிச்சத் தெம்பும் போய்விடும். தூரத்திலிருந்து எடுத்த படமே சாட்சிக்குப் போதும். எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, தேதி, நேரம், இடத்தோடு வனத்துறைக்குத் தெரிவிப்பது. பதிவு போடுவது அப்புறம்.

தூரத்திலிருந்து எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கொக்கின் கண் மட்டும் தெரியும் படத்தை எந்த ஊரிலும் எடுக்கலாம். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் பின்னால் நிற்க, சாம்பல் படிந்த சேற்றில் ஒரு நாரை மீன் தேடும் படத்தை எண்ணூரில்தான் எடுக்க முடியும். பறவை சின்னதாகத் தெரிந்தால் என்ன? அது எங்கே, எப்படி வாழ்கிறது என்பது அந்தப் படத்தில் இருக்கும்.

கரும்பலகைக்குப் பதில் நோட்டு

வேடந்தாங்கலில் மக்கள் பறவைகளைக் காப்பாற்றியது கேமரா வருவதற்கு முன்பே. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து அவர்கள் முறையிட்டு, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்றும் அங்கே போகிறவர்கள் ஏரிக்கரையில் நின்றுதான் பார்க்கிறார்கள். கூட்டுக்கும் மனிதருக்கும் நடுவே தண்ணீர் இருக்கிறது. எண்ணூரில் அப்படிக் கரையோ வேலியோ கிடையாது. அந்த இடைவெளியைப் போகிறவரேதான் விட வேண்டும்.

அதற்குப் பழக ஒரு சின்ன நோட்டு உதவும். தேதி, நேரம், காற்றின் திசை, நீர் ஏறுகிறதா வடிகிறதா, எந்தப் பறவை என்ன செய்தது, எவ்வளவு தூரத்தில் தலையைத் தூக்கியது என்று நாலு வரி எழுதி வைத்தால் போதும். ஒரு படமும் கிடைக்காத நாளிலும் பக்கம் நிரம்பும். அடுத்த டிசம்பரில் அதைப் புரட்டினால், எந்த வாரம் உள்ளான் வரும், எந்த மேட்டில் உட்காரும் என்பது தெரிந்திருக்கும்.

அப்போது எம்.கே.பி. நகரிலிருந்து விடியும் முன்பே கிளம்பி, வெளிச்சம் வரும்போது படகு மறைவில் உட்கார்ந்திருக்கலாம். நோட்டின் கடைசிப் பத்தியில் ஒரே ஒரு கேள்வியும் இருக்கட்டும்: ‘கிளம்பும்போது பறவை இன்னும் அங்கேயே மேய்ந்துகொண்டிருந்ததா?’ அதற்கு ‘ஆமாம்’ என்று எழுத முடிந்தால் அந்தக் காலை நல்ல காலைதான்.